முதலை வராத சாட்சி

சீமையில் ராஜா ஒரு பெண்ணுக்காகப் பட்டத்தை விட்டு இறங்கினாரே, அந்த மார்கழியில் எங்கள் பக்கம் மழை கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்றால், பழையாற்று வெள்ளம் கோட்டாற்றில் ஒரு மிட்டாய்க் கடைக்குள் புகுந்து, கருப்பட்டிப் பாகு வைத்திருந்த பானைகளை உருட்டிக்கொண்டு மணக்குடிப் பொழி வழியாகக் கடலில் கொண்டு கலக்கிவிட்டது. அந்த வாரம் பிடித்த சாளை அவ்வளவும் இனித்தது. புளி எவ்வளவு கரைத்து ஊற்றினாலும் மீன்கறி பாயசமாகவே இருக்கிறது என்று பெண்கள் சட்டியைக் கவிழ்த்தார்கள். நான் இரண்டாம் தரமும் வாங்கித் தின்றவன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அந்த மழையிலும் எங்கள் ஊரில் நிற்காமல் ஓடியது முத்துநாயகத்தின் தேங்காயெண்ணெய்ச் செக்கு. மற்றச் செக்குக்காரர்கள் கொப்பரை காய வெயிலை நம்பினார்கள். முத்துநாயகம் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, தேங்காய் மட்டையை எரித்து, புகையில் கொப்பரை உலர்த்தினார். அவருடைய மனைவி ராகேலுக்கு மழைக்காலம் முழுக்கக் கண் சிவந்தே இருக்கும். புகையா அழுகையா என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்கும் ஆள் ஒண்ணுதான்" என்று செக்குப் பக்கம் கையைக் காட்டுவாள்.

செக்கு வீட்டுக்குப் பின்னால், ஓலைக் கூரைக்கு அடியில் இருந்தது. கிழக்கே எண்ணெய்க் குடுவையோடு பெண்கள் நிற்பார்கள். மேற்கே பலாமரத்தடி மூட்டில் ஆண்கள் உட்காருவார்கள். நடுவில் முத்துநாயகம் செக்குப் பலகையில் உட்கார்ந்து மாட்டோடு சுற்றிச் சுற்றி வருவார். வாய் நிற்காது. ஆகவே அவருடைய ஒவ்வொரு அபிப்பிராயத்துக்கும் தலை கிழக்கே விழும், வால் மேற்கே விழும். முழுசாகக் கேட்டது மாடு ஒன்றுதான்.

அந்தச் செவலை மாட்டுக்குச் சாட்டை கிடையாது. அவர் பேச்சுக்குத்தான் நடக்கும். பேச்சு நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்க்கும். ஒரு தரம் முத்துநாயகத்துக்குத் தொண்டை கட்டிப்போய், ஊரே எண்ணெய் காணாத தலையோடு ஆலயத்துக்குப் போயிற்று. பின்னால் இருந்து பார்த்தால் காக்கைக் கூடுகள் வரிசையாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தன.

ராஜா சங்கதியைக் கொண்டுவந்தவன் கிருஷ்ணமணி. தேங்காய்ப்பட்டணத்தில் கொப்பரை ஏற்றிக் கோட்டாற்றுச் சந்தைக்கு வண்டி அடிப்பவன். வழியில் முத்துநாயகத்துக்குப் பங்கு இறக்குவான். அப்படியே பேப்பர்ச் சேதியையும் இறக்குவான்.

"ஓய் முத்துநாயகம், ராஜா பட்டத்த விட்டுட்டாராம் வே."

"எனக்கு முன்னமே தெரியும். அவருக்க கழுத்து அதுக்குச் சேராது. கிரீடம் எம்புடு கனம்னு நெனைக்க? ஒரு சாக்குக் கொப்பரை. நான் தூக்கிப் பாத்தேன்னா..."

அதற்குள் பலகை கிழக்கே போய்விட்டது. பெண்கள் தலையை ஆட்டினார்கள். கிரீடத்தை இவர் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"ஜெர்மனியில நம்ம ஆளுவ வளைமட்டைப் பந்துல ஜெயிச்சானுவளே?"

"செருப்பக் கழத்திப் போட்டுட்டு ஆடினானுவ, அதான். செருப்பு மனுசனப் பொறத்தால இழுக்கும். இந்த நாகர்கோயில் பஸ்சப் பாரு. டயரு இருக்கப் போய்த்தான எடைக்கிடை வெடிச்சு நிக்குது? அதுல ஏறினா ஆளு போய்ச் சேருவான், குடை சேராது. எனக்க குடை இப்பமும் தக்கலையிலதான் எவனுக்கோ நெழலு குடுத்துட்டு நடக்கு."

"சரி வே, டாக்கியப் பத்தி என்ன சொல்லுதீரு?"

இங்கேதான் வினை. கோட்டாற்றில் கொட்டகை போட்டு டாக்கி என்று பேசும் படம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் மிஷன் சபையில் அது பெரிய குற்றம். டாக்கி பார்த்தவனுக்குத் திருவிருந்து கிடையாது. பெயரைச் சபையில் வாசித்து ஒதுக்கி வைப்பார்கள். அவன் வீட்டில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க மாட்டார்கள். மூன்று ஞாயிறு போதகர் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டானால் சொல்லலாம் என்று கேட்டு, ஒருவரும் சொல்லாமல் இருந்தால்தான் எங்களுக்குத் தாலி.

முத்துநாயகத்தின் ஒரே மகள் பூங்கனிக்கு அப்போதுதான் முதல் ஓலை வாசித்திருந்தது. பூங்கனி மிஷனுக்கு லேஸ் பின்னுகிறவள். மடியில் திண்டு மாதிரித் தலையணையை வைத்துக்கொண்டு, நூல் சுற்றிய மரக்கட்டைகளை அவள் மாற்றி மாற்றிப் போடுகிற சத்தம் மழை ஓட்டில் விழுகிற சத்தம் மாதிரியே இருக்கும். தகப்பன் பேசுவதற்கெல்லாம் சேர்த்து அவள் பேசாமல் இருந்தாள். மாப்பிள்ளை ஜேசுதாஸ் தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வடியாத தலை. விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. செக்குக்காரன் வீட்டுக்கு வாத்தியார் கிடைப்பது சின்னக் காரியம் இல்லை.

முத்துநாயகம் டாக்கி பார்த்ததே கிடையாது. ராகேல் விடமாட்டாள். பாதிக் கதை கிருஷ்ணமணி சொன்னது. அவன் கொட்டகையில் பாதியிலேயே உறங்கிப்போனவன். மீதியை முத்துநாயகம் செக்கு சுற்றுகிற வேகத்தில் சொந்தமாகவே ஆட்டி எடுத்தார்.

"வெள்ளைக் குதிரை ஒண்ணு திரையக் கிழிச்சிட்டு வாறதுபோலப் பாஞ்சு வந்துச்சு. நான் அப்பிடியே எழும்பி நிண்ணு போனேன்..." இது கிழக்கே விழுந்தது.

"...எண்ணு கிருஷ்ணமணி சொன்னான்." இது மேற்கே விழுந்தது.

கிழக்கே குடுவையோடு நின்றவள் செல்லக்கனி. சபை மூப்பர் ஞானதாசனுடைய மனைவி.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முத்துநாயகத்தை ஆலயத்தின் பக்க அறைக்குக் கூப்பிட்டார்கள். போதகர் இருமலோடு உட்கார்ந்திருந்தார். மூப்பர் ஞானதாசன் நின்றார். அவர் உட்கார்ந்து யாரையும் விசாரித்தது இல்லை. ராகேல் வாசலுக்கு வெளியே மழைச்சாரலில் நின்றாள். நாங்கள் நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்குகிறவர்கள் போல ஜன்னலுக்குக் கீழே ஒதுங்கினோம்.

"முத்துநாயகம், நீரு டாக்கி பாத்தீரா?"

"இல்ல."

"பாக்காமத்தான் குதிரை வெள்ளைன்னு சொன்னீரா?"

"ராஜகுமாரன் பின்ன கறுத்த குதிரையிலயா மூப்பரே வருவான்?"

"எழும்பி நிண்ணேன்னு சொன்னீரே?"

"அது கிருஷ்ணமணி எழும்பினது. பலகை அந்தப் பக்கம் போயிட்டு."

போதகர் இருமி முடித்தார். "அந்த வண்டிக்காரனையே கேட்போமே" என்றார். அவருக்கு எப்படியாவது இது முடிந்தால் போதும்.

கிருஷ்ணமணி வந்து, கால் சேறு என்று சொல்லி வாசற்படியிலேயே நின்றுகொண்டான். கூட்டுக்காரனைக் காப்பாற்றியே தீருவது என்று தலையில் புதுத் துவர்த்துத் துண்டு கட்டி வந்திருந்தான்.

"சத்தியமா இவரு பாக்கல்ல அய்யா. இவரு சொன்னது பூரா இவருக்க மண்டையில உள்ளது. நான் பாதியில ஒறங்கிப் போனேன். கடைசி என்னன்னு எனக்குத் தெரியாது. இவருதான் சொன்னாரு, ராஜகுமாரி கெணத்துல சாடினா, கெணத்துல தண்ணி இல்ல, வைக்கோலுன்னு. எனக்கு மனசு கேக்கல்ல. திரும்பவும் போயி, முழிச்சிருந்து பாத்தேன். எனக்க அம்மையாண, அப்பிடியே! கெணறு, வைக்கோலு, ஒண்ணு மாறல்ல! ஒரே ஒரு எடத்துலதான் தப்பு."

"எந்த இடத்தில்?" என்றார் போதகர், கேட்டிருக்க வேண்டாம்.

"படத்துலதான் அய்யா. இவரு சொன்னது மாதிரி அவ எழும்பி வந்து ராஜகுமாரனுக்கு ஒரு அறை குடுத்திருக்கணும். படத்துல குடுக்கல்ல."

கிருஷ்ணமணி பெருமையாகக் கூட்டுக்காரனைப் பார்த்தான். முத்துநாயகம் தரையைப் பார்த்தார்.

"பாக்காதவனுக்கு வைக்கோலு எப்பிடித் தெரியும்?" என்றார் மூப்பர்.

"அவ சாகக்கூடாதுன்னா கெணத்துல வேற என்னத்தப் போட முடியும் மூப்பரே? பஞ்சு போட்டா செலவில்லியா?"

பஞ்சு விலையைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. சொல்லத் தொடங்கினார். போதகர் கையைத் தூக்கித் தடுத்தார்.

அவர்கள் சொன்ன முடிவு இதுதான். டாக்கி பார்த்தது என்று எடுத்துக்கொண்டால் ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்றாம் ஓலை நிற்கும். பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அவர் சபை முன்னால் எழும்பி நின்று, டாக்கி மட்டும் இல்லை, இதுவரை கண்டேன் கண்டேன் என்று சொன்னது அவ்வளவும் காணாதது என்று அறிக்கை இட வேண்டும். அதற்குப் பிறகு மூன்றாம் ஓலை வரைக்கும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது.

"கறியில உப்பு?" என்று கேட்டார் முத்துநாயகம்.

"அதுவும்தான்" என்றார் மூப்பர்.

அன்று சாயங்கால ஆராதனையில் அவர் எழும்பி நின்றார். "நான் டாக்கி காணல்ல. ஜெர்மனியில பந்து வெளையாடினத காணல்ல. ராஜாவுக்க கிரீடத்தத் தூக்கல்ல. எனக்க குடை தக்கலையில இல்ல, பரணுலதான் கெடக்கு. நான் கண்டேன்னு சொன்னது எல்லாம் காணாதது." சபையில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்கு முகம் விழுந்துவிட்டது. கிரீடம் பொய் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. என் பக்கத்தில் இருந்த கிழவர், "மகளுக்க கலியாணத்துக்காவ என்ன பொய் சொல்லுதான் பாரு, பாவம்" என்று கண்ணைத் துடைத்தார்.

திங்கட்கிழமை காலையில் முத்துநாயகம் கொப்பரை போட்டு, பலகையில் ஏறி உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. செவலை திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு படுத்துவிட்டது.

கல்யாணப் பலகாரத்துக்கு எண்ணெய் வேண்டும். முந்திரிக்கொத்து சுட வேண்டும், முறுக்கு சுட வேண்டும். பூங்கனி பலகைக்குப் பக்கத்தில் நின்று சங்கீதம் வாசித்தாள். மாடு அசைபோட்டது. ஞாயிறு பள்ளிப் பாட்டுப் பாடினாள். மாடு கண்ணை மூடியது. கடைசியில் ராகேல் சேலையைச் சொருகிக்கொண்டு பலகையில் ஏறினாள்.

"ஹை. நட. நடக்கியா இல்லியா?" மாடு கேட்கவில்லை. "நான் என்னத்தச் சொல்ல? எனக்கு என்ன தெரியும்? இருவது வருசமா பொகையில கெடக்கேன், இந்தப் பரணு கட்டினா பொகை மேல போவும்னு சொன்னாரு, பொகை எனக்க கண்ணுலதான் போச்சு..."

செவலை எழும்பிற்று.

ராகேல் நிறுத்தவில்லை. "விளக்குக்குத் திரி கத்தரிச்சா வெளிச்சம் கூடும்னாரு, வீடு பத்தப் பாத்துச்சு. காக்கா கண்ணாடிக்குப் பயப்படும்னு எனக்க மொகம் பாக்குத கண்ணாடிய கொப்பரைக்கு மத்தியில வச்சாரு, அந்தக் காக்கா இப்பமும் எனக்க கண்ணாடியிலதான் தல சீவுது. அந்தப் பஸ்சுக்காரன் ஊதுத ஊத்துல எனக்கு ஈரக்கொலை நடுங்குது, ஆருட்டயாவது சொன்னனா? மரச்சீனிக் கெழங்கு வேவல்லேன்னா வெறகு குத்தம், வெறகு எரியல்லேன்னா நான் குத்தம்..."

பலாமரத்து மூட்டில் ஆள் கூடிவிட்டது. முத்துநாயகம் பக்கத்தில் நடந்துகொண்டே கொப்பரையைக் குத்திவிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கண்ணாடி விஷயத்தில் நியாயம்கூட இருந்தது. வாய் திறந்து திறந்து மூடிற்று, கரையில் போட்ட கெளுத்தி மாதிரி. அந்த வாரம் எண்ணெய் வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை கொப்பரை தீர்ந்தது. முத்துநாயகம் கிருஷ்ணமணி வண்டியில் ஏறித் தேங்காய்ப்பட்டணம் போனார். வழி முழுக்கக் கிருஷ்ணமணி எதை எதையோ எடுத்துப் போட்டுப் பார்த்தான். திற்பரப்பு அருவியில் யானை வழுக்கி விழுந்தது என்றான். மகாராஜா புதுக் கார் வாங்கினார் என்றான்.

"வண்டியில ஒரு பொணத்த ஏத்தினாக்கூட இதுவரைக்கும் ரெண்டு வார்த்தை மிண்டியிருக்கும்" என்று கடைசியில் அழாத குறையாகச் சொன்னான்.

கொப்பரைக் களத்தில் அவன் எடை போட்டுக்கொண்டிருந்த நேரம், முத்துநாயகம் ஒரு குலை செவ்வாழைப் பழம் வாங்கிக்கொண்டு தோணியில் அக்கரை போனார். அங்கேதான் மாப்பிள்ளை வீடு. பக்கத்தில் வந்துவிட்டுப் பார்க்காமல் போனால் நன்றாக இருக்காது.

வழக்கமாக முத்துநாயகம் ஒரு வீட்டுக்கு வருவது தெருமுனையிலேயே கேட்கும். வாய் கட்டி இருந்ததால் அன்றைக்குக் கேட்கவில்லை. பிற்பாடு அவர் வாயால் கேட்ட இந்த இடத்தை மட்டும் நான் கூட்டாமல் சொல்கிறேன். ஓலை வேலிக்கு உள்ளே அடுக்களை முற்றம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்திருந்தார். தாய் ஞானபாய் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிருந்தது போல. அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழும்பி, அகப்பையை எடுத்து, அவளை அடித்தார். கோபம் வந்த மாதிரி இல்லை. கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி அடித்தார். அவள் சத்தம் போடவில்லை. கையால் முகத்தை மறைத்துக்கொள்ள மட்டும் செய்தாள். பிறகு அவர் உட்கார்ந்தார். அவள் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து, அதே அகப்பையால் ஊற்றினாள். அவர் குடித்தார்.

முத்துநாயகம் பழக்குலையோடு திரும்பித் தோணிக்கு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ராகேல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குலை அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போவல்லியா?"

அவர் அடுப்புக்கு எதிரே குந்தினார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு சங்கதியை நேராகப் போய்த் தொட அவருக்குப் பழக்கம் இல்லை. கை தானாக அகலமாக விரிந்தது.

"நான் தோணியில ஏறினேன் ராகேலு. நடு ஆத்துல, ஒரு முதலை..."

"நிறுத்துங்க."

"இல்ல, கேளு..."

"முதலையோட நிறுத்துங்க. சபையில எழும்பி என்ன சொன்னிய? ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஒரு வாக்கு மிண்டாம இருக்க முடியாதா? கெழக்க செல்லக்கனி நிக்கா."

"முதலை கெடக்கட்டும் ராகேலு..."

"முதலைய நானா கொண்டாந்தேன்? இஞ்சேருங்க, எனக்கு ஒரே பிள்ள. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்."

அவள் மாவுக் கையோடு உண்மையாகவே காலைப் பிடித்தாள். அவர் எழும்பிப் போய்விட்டார்.

பூங்கனியிடம் போனார். அவள் முக்காட்டுக்கு லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். மரக்கட்டைகள் மாறி மாறி விழுந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மக்கா" என்றார். அவள் தலை நிமிராமல், "மிண்டாதீங்கப்பா, மூப்பரம்மை ஜன்னலுக்கிட்ட நிக்குது" என்று மெல்லச் சொன்னாள். சொன்ன குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவர் எழும்பி வந்துவிட்டார். மறுநாள் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் பக்கத்துச் சபைக்குப் போயிருந்தார். என்னிடம் வந்தார். என் வீட்டு வாசலில் நின்று மழையைப் பார்த்தார். "என்ன வே?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று திரும்பிவிட்டார். அவர் வாயால் ஒன்றுமில்லை என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வானம் பிளந்துகொண்டது. மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை வருவது வழக்கம் இல்லை. தாய் ஞானபாயும் தாய்மாமனும் கூண்டு வண்டியில் வந்தார்கள். ஆராதனை முடிந்ததும் பெண்வீட்டில் சாப்பாடு. ராகேல் விடியுமுன்பே எழும்பி அவியல், எரிசேரி, பப்படம் எல்லாம் முடித்து மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள். பெண்கள் பாயில் ஞானபாய்க்குப் பக்கத்தில் ராகேல், அவளுக்குப் பக்கத்தில் பூங்கனி. ஞானபாய் முக்காட்டை வலது கன்னத்துப் பக்கம் நன்றாக இழுத்து விட்டிருந்தாள். மழைக் குளிருக்கு எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

போதகர் ஓலையை வாசித்தார். மகன் பெயர், மகள் பெயர், சபைகளின் பெயர். "இது மூன்றாம் தரம். இவர்களுடைய விவாகத்துக்குத் தடை உண்டென்று யாராவது அறிந்திருந்தால் இப்போதே சொல்லக்கடவர்கள்." சொல்லிவிட்டு, ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்கிற வழக்கத்தில், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

முத்துநாயகம் எழும்பி நின்றார்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கால் மரத்துப்போய் எழும்பினார் என்றே நான் நினைத்தேன்.

"எனக்குச் சம்மதமில்ல" என்றார்.

"முத்துநாயகம்!" என்று மூப்பர் ஞானதாசன் எழும்பினார்.

போதகர் புத்தகத்தை மூடினார். "காரணம்?"

"மாப்பிள்ளை பெத்த தாய அடிச்சான். நான் பாத்தேன்."

சபை காத்திருந்தது. முத்துநாயகம் சொல்லி நாங்கள் கேட்டது எதுவும் இவ்வளவில் முடிகிற ஜாதி இல்லை. இனிமேல்தான் தோணி வரும், புயல் வரும். நான் உட்பட எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தோம். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. கை இரண்டும் தொடையோடு ஒட்டி இருந்தன.

"போன வாரம் இதே எடத்துல நிண்ணு என்ன சொன்னீரு?" என்றார் மூப்பர்.

"காணாதத கண்டேன்னு சொன்னேன்னு சொன்னேன்."

"இது?"

"இது கண்டது."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அதற்காகவே காத்திருந்தது போலச் சபை முழுக்கச் சிரித்தது. குதிரை வெள்ளையா கறுப்பா என்று யாரோ கேட்டார்கள். தாய்மாமன் எழும்பி, "வாத்தியாரப் பாத்து, ஒரு செக்குக்காரன்... பொம்பளயக் கேளுங்க! பெத்தவ இங்கதான இருக்கா, அவளக் கேளுங்க!" என்று கத்தினார்.

எல்லாரும் ஞானபாயைப் பார்த்தோம். அவள் பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்க மோன் தங்கம். என்ன அடிக்கல்ல."

அதற்கு மேல் என்ன இருக்கிறது? அடிபட்டவளே இல்லை என்கிறாள். முத்துநாயகம் நின்றுகொண்டே இருந்தார். வெள்ளத்தில் தனியாக நிற்கிற பனை மாதிரி இருந்தார். அவர் சொன்ன உண்மை அந்தச் சிரிப்புக்குள் விழுந்து எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூப்பர், "உக்காரும்" என்றார். "ஐயா, பாட்டுச் சொல்லுங்க."

அப்போது பெண்கள் பக்கத்தில் ராகேல் எழும்பினாள்.

எங்கள் சபையில் பெண்கள் எழும்புவது பாட்டுக்கு மட்டும்தான். சிரிப்பு நின்றது.

"ஐயா, அந்த ஓலைய மடக்கி வையுங்க."

"ராகேல்..."

"நான் இவருக்க பொய்யக் கேட்டு வாழ்ந்தவ ஐயா. இவரு பொய் சொன்னா அதுல குதிரை வரும், தொரை வருவாரு, பஸ்சு வெடிக்கும். வியாழக்கெழம எனக்கிட்ட வந்து ஒரு முதலையோட தொடங்கினாரு. நான் அதோட நிறுத்திப்போட்டேன், அதுக்க பொறத்தால என்ன இருந்துச்சுன்னு கேக்கல்ல." "இண்ணைக்கு முதலை இல்ல. ஒண்ணுமே இல்ல. பாத்தேன்னு மட்டும் சொல்லுதாரு. இப்பிடி ஒரு பேச்சு இவருக்க வாயில நான் கேட்டதில்ல. எனக்குப் பயமா இருக்கு ஐயா. ஓலைய மடக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. ஞானபாயின் கை மட்டும் அசைந்தது. முக்காட்டை வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். ராகேல் அதைப் பார்த்தாள். பூங்கனியும் பார்த்தாள்.

பூங்கனி எழும்பித் தாயோடு நின்றாள்.

"தடை சொல்லப்பட்டிருக்கிறது" என்றார் போதகர், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில். ஓலையை மடக்கினார். மடக்கியது சரியா தவறா என்று மூப்பர் கூட்டத்தில் மாசிவரைக்கும் வாதாடினார்கள். அது வேறு.

தாய்மாமன் ஞானபாயைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாசல் தாண்டும்போது அவள் திரும்பி வந்து, பூங்கனியின் தலையில் கையை வைத்து, ஒன்றும் சொல்லாமல் போனாள். கூண்டு வண்டி சேற்றை வாரி அடித்துக்கொண்டு மேற்கே போயிற்று. அந்தத் தாய் அதே வீட்டுக்குத்தான் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. போய்த் தடுக்க எனக்கும் கால் வரவில்லை. வேறு யாருக்கும் வரவில்லை.

மூன்று பேரும் மழையில் வீட்டுக்கு நடந்தார்கள். பின்னால் ஓலைக்குடையோடு நானும் நடந்தேன். எனக்கும் அதுதான் வழி. வீட்டில் எரிசேரி மூடி வைத்தபடி இருக்கும். நாளைக்கு ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ராகேல் முன்னால் விறுவிறென்று போனாள். பூங்கனி அழுதுகொண்டே வந்தாள். சத்தம் போட்டு அவள் அழுது நான் கேட்டதே இல்லை. முத்துநாயகம் அவளுக்குப் பக்கத்தில், தொடவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் நடந்தார்.

வரப்பு திரும்புகிற இடத்தில் அவள் நின்றாள்.

"என்னமாவது சொல்லுங்கப்பா" என்றாள். "என்னமாவது. அந்தச் சீமை ராஜாவப் பத்தியாவது."

ராகேலும் நின்று திரும்பிப் பார்த்தாள். தடுக்கவில்லை. நான் குடையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தேன். முத்துநாயகம் வாயைத் திறந்தார். உலகத்தில் உள்ளது அவ்வளவுக்கும் சொல் வைத்திருந்த மனுசன். உதடு இரண்டு தரம் அசைந்தது.

"மழை பெய்யுது மக்கா" என்றார்.

பெய்துகொண்டுதான் இருந்தது.